'இந்த வருஷம் பறவைகள் அதிகம்' என்றால் நல்ல செய்தியா? கடலோரக் கணக்கெடுப்பில் விட்டுப்போகும் கணக்கு

ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு செய்தி தவறாமல் வரும். 'கோடியக்கரையில் குவிந்த வெளிநாட்டுப் பறவைகள்', 'கடந்த ஆண்டைவிட அதிகம்', 'சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்'. கூடவே பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்பாக இறக்கை விரிக்கும் ஒரு படம். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு ஆகும், இரண்டு ஹார்ட் விழும், அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் அதே தலைப்பை எடுத்து எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த எண்ணில்தான் சிக்கல். எண் கூடினால் இயற்கை நன்றாக இருக்கிறது, குறைந்தால் ஆபத்து என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கடலோரப் பறவைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாக இருக்கும். கூட்டம் அதிகமாகத் தெரிவதே வேறு எங்கோ தண்ணீர் இல்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். குறைவாகத் தெரிவது நல்ல மழையின் விளைவாக இருக்கலாம். இதைப் பிரித்துச் சொல்லத் தேவையான தகவல்கள்தான் செய்தியில் வருவதே இல்லை: எந்த இடம், எந்த தேதி, எந்த வகை, போன தடவை அதே இடத்தில் எத்தனை?

(சின்ன இடைச்செருகல்: 'வெளிநாட்டுப் பறவைகள்' என்ற பெயரையே கொஞ்சம் யோசிக்கலாம். ஆர்க்டிக் பக்கம் முட்டையிடும் உள்ளான்கள் அங்கே இருப்பது சுமார் இரண்டு மாதம்தான். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இங்கே வர ஆரம்பித்து ஏப்ரல் வரை இருக்கின்றன. வருஷத்தில் பாதிக்கு மேல் இங்கே இருப்பவரை யாராவது வெளிநாட்டுக்காரர் என்பார்களா?)

யார் எண்ணுகிறார்கள்?

ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987-ல் தொடங்கியது. உலக அளவில் 1967 முதல் நடந்துவரும் கணக்கெடுப்பின் ஆசியப் பகுதி இது. வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பும், மும்பையில் இருக்கும் பி.என்.ஹெச்.எஸ் எனப்படும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் சேர்ந்து இந்தியாவில் இதை நடத்துகின்றன. ஜனவரியின் இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஏரி, குளம், முகத்துவாரம் என்று போய் எண்ணுகிறார்கள்.

தமிழ்நாட்டில் வனத்துறை தனியாக ஒரு கணக்கெடுப்பை மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் நடத்துகிறது. ஒரே சமயத்தில் ஏன் என்றால், இன்று பழவேற்காட்டில் எண்ணிய கூட்டம் நாளை வேறு கழிமுகத்தில் போய் இறங்கலாம். வேறு வேறு நாளில் எண்ணினால் ஒரே பறவை இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். இவை தவிர, பொங்கல் விடுமுறை நான்கு நாளும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் இருக்கிறது. வீட்டு மாடியில் நின்றுகூட இதில் கலந்துகொள்ளலாம்.

எண்ணுவது எப்படி?

கடலோரத்தில் எண்ணுவது வேடந்தாங்கல் மரத்தில் கூழைக்கடாவை எண்ணுவது மாதிரி இல்லை. சேற்றுத்திட்டில் மூவாயிரம் கொசு உள்ளான்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் முப்பது கிராம்கூட இருக்காது. எல்லாமே சாம்பலும் வெள்ளையும். ஒரு பருந்து நிழல் விழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வேறு இடத்தில் இறங்கிவிடும். எண்ணியது போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. முதலில் ஐம்பது பறவைகளை எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று கண்ணால் அளந்துகொள்கிறார்கள். அதே அளவு கட்டம் கூட்டத்தில் எத்தனை தடவை வருகிறது என்று பார்க்கிறார்கள். பெரிய கூட்டத்தை மனிதக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அதே முறையில், அதே இடத்தில் நின்று எண்ணினால், அந்தத் தவறும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். அப்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதாவது தெரிந்துவிடும்.

நேரமும் முக்கியம். கடல் உள்வாங்கும்போது சேறு விரிந்து கிடக்கும், பறவைகள் சிதறி இரை தேடும். தண்ணீர் ஏறும்போது மேடான திட்டுகளிலும் பக்கத்து உப்பளங்களிலும் கூட்டமாக ஒதுங்கும். எண்ணுவதற்குச் சரியான நேரம் அதுதான். கோடியக்கரைப் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் குறைவு. அங்கே மழையும் காற்றும்தான் சதுப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும். அதனால் உள்ளூர் ஆள் இல்லாமல் அங்கே எண்ணப் போனால் பாதி நாள் வீண்.

அதிகம் என்றால் சந்தோஷப்படலாமா?

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி கண்மாய்கள் எல்லாம் நிரம்பி இருக்கும். வாத்துகளுக்குக் கொண்டாட்டம். ஊசிவால் வாத்தும் கிளுவையும் ஊருக்கு ஊர் இருக்கும் கண்மாய்களில் பிரிந்துபோய்விடும். புகழ்பெற்ற சரணாலயத்தில் எண்ணிக்கை சரியும். பறவைகள் அழியவில்லை, பரவிவிட்டன, அவ்வளவுதான்.

மழை பொய்த்த வருஷத்தில் கண்மாய்கள் காய்ந்து கிடக்கும். எங்கே தண்ணீர் மிச்சமோ அங்கே எல்லாம் வந்து நெருக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் மட்டும் எண்ணுபவருக்கு அது சாதனை எண். மறுநாள் தலைப்பு: 'வரலாறு காணாத அளவில் பறவைகள் குவிந்தன.'

பூநாரை, உள்ளான் போன்றவற்றுக்குக் கணக்கு இன்னும் வேறு. இவற்றுக்கு ஆழமான தண்ணீர் ஆகாது. கால் ஊன்றி நிற்க மேலோட்டமான தண்ணீரும், இரைக்குச் சேறும் வேண்டும். மழை கொட்டித் தீர்த்துச் சதுப்பு முழங்கால் ஆழம் நின்றால் உள்ளான்கள் வேறு இடம் பார்க்கும். அதாவது ஒரே மழை ஒரு வகையைக் கூட்டும், இன்னொரு வகையைக் குறைக்கும். இரண்டையும் சேர்த்து 'மொத்தம் இத்தனை' என்று கொடுக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தேதி அடுத்த குழப்பம். வனத்துறையின் மாநில அளவிலான நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2023, 2024-ல் ஜனவரி கடைசியில் நடந்தது. 2025-ல் மார்ச்சில் நடந்தது. 900-க்கும் மேற்பட்ட இடங்களில் ஐந்தரை லட்சம் பறவைகள் பதிவானதாக அறிவிப்பு வந்தது. உழைப்பு பெரியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மார்ச்சில் வாத்துகள் பல வடக்கே கிளம்பியிருக்கும். ஜனவரி எண்ணையும் மார்ச் எண்ணையும் பக்கத்தில் வைத்து 'கூடியது', 'குறைந்தது' என்று சொல்வது, பொங்கலுக்கு முந்தின நாள் கோயம்பேட்டில் எண்ணிய பயணிகளையும் சாதாரணப் புதன்கிழமை எண்ணிய பயணிகளையும் ஒப்பிடுவது மாதிரிதான். நிர்வாகக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒரு தேதியை முடிவு செய்து பத்து வருஷத்துக்கு மாற்றாமல் இருப்பதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூட செலவு இல்லை.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஒவ்வொரு ஜனவரியும் எண்ணுகிறார்கள். 2023, 2024, 2025 மூன்று வருஷமும் 11 லட்சத்தைத் தாண்டியது. எந்த வகை கூடியது, எது குறைந்தது என்ற விவரமும் சேர்ந்தே வெளிவருகிறது. நம்ம ஊரில் மொத்த எண் பிரஸ் ரிலீஸில் வருகிறது. இடவாரியான, வகைவாரியான பட்டியலையும் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கிற மாதிரி போட வேண்டும். எண்ணிய தன்னார்வலருக்குக்கூடத் தன் ஏரியின் போன வருஷ எண் சுலபமாகக் கிடைக்காவிட்டால், அடுத்த வருஷம் அவர் எதற்கு அதிகாலை நாலு மணிக்கு எழுந்து வர வேண்டும்?

எண்ணினால் என்ன ஆகும்?

நிலம் காப்பாற்றப்படும். நேரடியாகவே.

ராம்சார் ஒப்பந்தத்தில் ஓர் ஈரநிலம் சர்வதேச முக்கியத்துவம் உள்ளது என்று அறிவிக்க ஒன்பது அளவுகோல்கள் உண்டு. அதில் இரண்டு முழுக்க முழுக்க எண்ணிக்கை சார்ந்தவை. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்கு மேல் வர வேண்டும், அல்லது ஒரு வகைப் பறவையின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதமாவது அங்கே இருக்க வேண்டும். யாரோ போய் எண்ணி எழுதி வைத்திருந்தால்தான் இந்த வாதத்தையே முன்வைக்க முடியும். 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாகக் கோடியக்கரை அறிவிக்கப்பட்டது. அங்கே பல பத்தாண்டுகளாக பி.என்.ஹெச்.எஸ் ஆய்வாளர்கள் வலை விரித்து, பறவைகளின் காலில் வளையம் மாட்டி, எண்ணி வைத்த பதிவுகள் இருந்தன.

அண்மை உதாரணம் தனுஷ்கோடி. 2025 ஜூனில் அங்கே சுமார் 525 ஹெக்டேர் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்போது காரணமாகக் காட்டப்பட்டதில் முக்கியமானது 2023-24 கணக்கெடுப்பில் அங்கே பதிவான பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள். அந்த மணல்மேட்டில் வெயிலில் நின்று எண்ணியவர்களின் நோட்டு, அரசிதழ் வரை போனது.

எண் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு எண்ணூர் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. உடம்பெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களின் படங்கள் நாடு முழுக்கப் பரவின. மொத்தம் எத்தனை பறவைகள் பாதிக்கப்பட்டன, அந்தக் கழிமுகம் எவ்வளவு இழந்தது என்று கேட்டால், அதற்கு முந்தைய குளிர்காலங்களில் அங்கே வழக்கமாக எத்தனை இருந்தன என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். சரணாலயம் என்ற பெயர் இல்லாத, பக்கத்தில் சாம்பல் குட்டையும் துறைமுகமும் இருக்கிற இடத்துக்கு வருஷா வருஷம் பைனாகுலரோடு போகிறவர்கள் எத்தனை பேர்?

உப்பளம் ஈரநிலமா?

சட்டப்படி இல்லை. 2017 ஈரநில விதிகளின் வரையறையில், உப்பு உற்பத்திக்காகவே அமைக்கப்பட்ட நீர்நிலைகள் சேர்க்கப்படவில்லை. மீன், இறால் வளர்ப்புக் குட்டைகளும் அப்படியே.

பறவைகளுக்கு இந்த விதி தெரியாது. வேதாரண்யம், மரக்காணம், தூத்துக்குடி, கேளம்பாக்கம் எல்லா இடத்திலும் குளிர்காலத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இறங்குவது உப்பளப் பாத்திகளில்தான். காரணம் எளிது. மழைக்காலத்தில் உப்பு எடுக்க முடியாது. பாத்திகளில் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நிற்கும். தொழிலாளர்களுக்கு வேலை இல்லாத அந்த மாதங்கள்தான் பறவைகளுக்குச் சீசன். கடல் ஏறும் நேரத்தில் சேற்றுத்திட்டு மூழ்கினால் ஒதுங்க இடமும் அதுதான்.

உப்பளத்தைப் புனிதமாக்க வேண்டியதில்லை. கோடியக்கரைச் சதுப்பில் உப்பளங்கள் பெருகியதும், நன்னீர் வரத்து குறைந்து உப்புத்தன்மை கூடியதும் பறவைகள் குறைய முக்கியக் காரணங்கள் என்று பறவை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஒரு காலத்தில் அங்கே லட்சக்கணக்கில் வந்த கூட்டம் இப்போது இல்லை. அதே சமயம், உப்பளத்தை மூடிவிட்டால் பழைய சதுப்பு தானாகத் திரும்பி வந்துவிடும் என்பதும் நடக்காத கதை. உப்பு விளையாத நிலம் அடுத்து மனையாகத்தான் மாறும். மும்பையில் உப்பள நிலத்தை வீட்டுத் திட்டத்துக்கு ஒதுக்கியது 2024-ல் பெரிய சர்ச்சை ஆனதே, அந்தக் கேள்வி இங்கேயும் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படி ஒரு நாள் வந்தால், 'இது வெறும் தரிசு உப்பளம்' என்ற வாதத்துக்கு எதிராக நிற்கக்கூடிய முதல் ஆதாரம் பத்து ஜனவரிகளின் எண்ணிக்கைதான். ஒரே வருஷ எண் இருந்தால் 'அந்த வருஷம் தற்செயலாக வந்திருக்கும்' என்று தள்ளிவிடுவார்கள். பள்ளிக்கரணையைச் சுற்றி, ராம்சார் எல்லை எது, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் போவதைச் சென்னைவாசிகள் பார்க்கிறார்கள். அதாவது பெயரும் அறிவிப்பும் உள்ள இடத்துக்கே இந்தக் கதி. பெயரில்லாத பாத்திகளுக்கு நோட்டில் எழுதிய எண்ணைத் தவிர வேறு துணை இல்லை.

வனத்துறைப் பட்டியலில் உப்பளங்களும் தனியார் நிலத்தில் உள்ள கழிமுக ஓரங்களும் நிரந்தர எண்ணும் இடங்களாக இருக்க வேண்டும். குழுவில் உப்பளத் தொழிலாளர் ஒருவரும் மீனவர் ஒருவரும் கட்டாயம் வேண்டும், வழிகாட்டியாக இல்லாமல் கூலி பெறும் கணக்கெடுப்பாளராக. எந்தப் பாத்தியில் எந்த மாதம் கூட்டம் இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிவது, நகரத்திலிருந்து காரில் போகிறவருக்குத் தெரியாது.

ஒண்ணுமே இல்லைன்னா எதை எழுதுவது?

ஒண்ணுமே இல்லை என்றுதான் எழுத வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது.

மூன்று மணி நேரம் நின்று எதுவும் வரவில்லை என்றால், 'சரி, இன்னைக்கு வேஸ்ட்' என்று திரும்பிவிடுகிறார்கள். அரிய பறவை கிடைத்தால் மட்டும் படம் எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். இப்படியே போனால் பதிவுகளில் எல்லா இடமும் எப்போதும் பறவைகளால் நிறைந்திருப்பதாகத் தெரியும். இ-பேர்ட் செயலி கடைசியில் ஒரு கேள்வி கேட்கும்: உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? 'ஆம்' என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவைகளை நீங்கள் பார்க்கவில்லை என்பதும் தகவலாகிவிடுகிறது. எத்தனை பட்டியல்களில் ஒரு பறவை வருகிறது, எத்தனையில் வரவில்லை என்ற விகிதத்தை வைத்துத்தான் அது குறைகிறதா என்று கணிக்கிறார்கள்.

2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படித்தான் உருவானது. 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் சுமார் மூன்று கோடிப் பதிவுகள். நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 60 சதவீதம் குறைந்திருந்தன. நெடுந்தூரம் வலசை வருபவை அதிகம் அடிவாங்கிய கூட்டத்தில் இருந்தன. 2024 அக்டோபரில் சர்வதேசச் சிவப்புப் பட்டியல் திருத்தப்பட்டபோது கடற்கரைப் பறவைகள் 16 வகைகள் மோசமான நிலைக்கு மாற்றப்பட்டன. அதில் ஒன்று கர்லூ சாண்ட்பைப்பர், வளைந்த மூக்குள்ள உள்ளான். கோடியக்கரையில் ஒரு காலத்தில் எண்ணி மாளாத பறவை அது.

தொடர்ச்சிக்கு நல்ல உதாரணம் தெற்கே இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், உள்ளூர்க்காரர்கள்தான் குழுக்கள். வறட்சி வருஷம், வெள்ள வருஷம் எல்லாம் அந்தப் பதிவில் இருக்கிறது. குளத்துக்கு நடக்கிற இது, உப்பளத்துக்கும் கழிமுகத்துக்கும் நடக்காமல் இருக்கக் காரணம் ஏதும் இல்லை.

சென்னையில் ஐ.டி வேலையில் இருப்பவருக்கு இதில் என்ன? ஓ.எம்.ஆரிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் சாலைக்குப் பைக்கில் போய்விடலாம். உப்பளத்துக்குள் இறங்க வேண்டாம், தனியார் நிலம். சாலை ஓரத்திலிருந்தே பார்க்கலாம். பெரிய லென்ஸ் தேவையில்லை, சாதாரண எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர் போதும். உள்ளான்களில் எது எது என்று முதல் வருஷம் பிடிபடாது. அனுபவசாலிகளுக்கே தலை சுற்றும். பெயர் தெரியாததை 'உள்ளான் வகை, சுமார் 200' என்று பொதுவாகப் பதியலாம், தப்பில்லை. தெரிந்த மாதிரி பெயர் போடுவதுதான் தப்பு. தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதையும் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும், மழைக் கணக்கோடு ஒப்பிட அது உதவும். நின்ற இடத்தை மேப்பில் குறித்துக்கொண்டால் அடுத்த ஜனவரியும் அங்கேயே நிற்கலாம்.

காலையில் போகிறவர்கள் கிழக்கே பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.